விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது?

வேங்கிக்காலிலிருந்து செய்யாறு சிப்காட், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கார் வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் சிலர் பிரஸ் ஷாப்பில் சேர்கிறார்கள். நானும் அப்படிச் சேர்ந்தவன். அங்கே என்னை அதிகம் யோசிக்க வைத்தது வெல்டு போட்ட பிளாங்க்தான், அதாவது பிரஸ்ஸில் அழுத்துவதற்கு முன் வெட்டி வைத்த தகடு.

கார் கதவின் உட்தகட்டைப் பாருங்கள். கீல் வரும் முன்பக்கம் கதவின் பாரத்தைத் தாங்க வேண்டும்; அங்கே 1.4 மி.மீ. தடிமன் வேண்டுமென்றால், மற்ற இடத்துக்கு 0.7 போதும். இரண்டையும் லேசரால் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே தகடாக பிரஸ்ஸுக்கு அனுப்புகிறார்கள். எடை குறைகிறது, தனி வலுத்தகடும் அதற்கான ஸ்பாட் வெல்டும் மிச்சம். 1985-இல் ஆடி 100 காரின் தரைத்தகட்டை ஜெர்மனியின் தைசன் நிறுவனம் இப்படி ஒட்டியதற்குக் காரணம் வேறு: துத்தநாகம் பூசிய தகடு அவ்வளவு அகலத்தில் கிடைக்கவில்லை.

தொல்லை அடுக்கும்போதே ஆரம்பம். நூறு பிளாங்க் அடுக்கினால் ஒரு பக்கம் 14 செ.மீ., மறுபக்கம் 7, கட்டு சாய்கிறது. இரண்டு பிளாங்க் ஒட்டிக்கொண்டு வந்தாலும் மெல்லிய பக்கத்தில் 1.4 தான், இரட்டைத் தகட்டைக் கண்டுபிடிக்கும் டபுள் பிளாங்க் சென்சாரைத் தவறான பக்கத்தில் வைத்தால் அது ஏமாறும்.

தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் டைக்குள் இன்னும் கடினம். ஒரே ரக எஃகில் ஒரே இழுவை வந்தால், பாதித் தடிமன் உள்ள பக்கம் இரட்டிப்புத் தகைவைச் சுமக்கிறது. அது நீள்கிறது, தடித்தது அசைவதில்லை, வெல்டு கோடு தடித்த பக்கம் நகர்கிறது. ஓரத்து ஃபிளேஞ்சில் எதிர்த்திசையில் நகர்வதும் உண்டு. அப்போது தடிமன் வித்தியாசத்துக்காக டையில் வெட்டிய படியின் மேல் தடித்த தகடு ஏறிவிடும். தகட்டின் ஓரத்தைப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் அழுத்தம் முழுவதும் அதன் மேல் விழ, மெல்லிய பக்கத்தில் பிடியில்லாமல் சுருக்கம் விழும்.

விரிசல் விழுந்ததும் எல்லோரும் வெல்டைத்தான் குற்றம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரிசல் வெல்டைக் குறுக்கே வெட்டினால், இழுவை கோட்டின் நீளவாக்கில் வந்திருக்கிறது. வெல்டு தாய்த்தகட்டைவிடக் கடினம், அவ்வளவு நீளாது. அங்கே வெல்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் கோட்டுக்கு இணையாக, சற்றுத் தள்ளி, மெல்லிய தகட்டில் கிழிந்திருந்தால் வெல்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. தடித்த பக்கத்தின் பிடியைத் தளர்த்தி உள்ளே ஓடவிடுங்கள். மெல்லியதன் பாரம் குறையும்.

புதிதாக பிரஸ் ஷாப்பில் சேரும் தம்பிகளே, கிழிந்த பீஸை ஸ்கிராப் தொட்டியில் போடுமுன் விரிசலின் திசையைப் பாருங்கள், அதன் பிறகு வெல்டு போட்டவரைக் கூப்பிடுங்கள்.