சட்டைப் பையில் ஒரு குட்டிப் பொட்டலம்

சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலை. காலையில் உள்ளே நுழையும் முன் வாசலிலேயே சோதனை நடக்கும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் கூடாது. அங்கே திரி வெட்டும் அந்த அம்மாவுக்கு இது பல வருடப் பழக்கம். கேட்பதற்கு முன்பே பையை உதறிக் காட்டிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது, பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் சட்டைப் பையில் டீத்தூள் பை மாதிரி குட்டியாக ஏதோ அகப்பட்டது. மிட்டாய் என்றுதான் நினைத்தார். முகர்ந்தால் புதினா வாசனை. அதற்கு அடியில் புகையிலை நெடி.

"என்னய்யா இது?"

"சும்மாம்மா. பிரெண்டு குடுத்தான்."

உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் புகையிலை அது. புகை கிடையாது, துப்பவும் தேவையில்லை. வாத்தியார் பாடம் நடத்தும்போதே வாயில் ஊறிக்கொண்டிருக்கும். ஈறு வழியாக நிக்கோட்டின் ரத்தத்தில் கலக்கும். வளரும் வயதில் மூளை அதற்குச் சீக்கிரமே பழகிவிடும். வாய்ப்புற்றுநோய் ஆபத்து வேறு.

தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லேயே தடை வந்துவிட்டது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும், 'கூல் லிப்' போன்றவற்றுக்குப் பள்ளிப் பிள்ளைகள் அடிமையாவதைப் பார்த்துவிட்டு, இதை நாடு முழுக்கத் தடை செய்தால் என்ன என்று 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்க வேண்டியிருந்தது. விருதுநகர் மாவட்டமும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது.

இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான் பையன். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். ராத்திரி தூங்கவில்லை. தங்கச்சி பேனாவைத் தொட்டதற்கு எரிந்து விழுந்தான். திமிர் என்று நினைத்து அம்மா ஓர் அறை விட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் புரிய வைத்தார். "அது திமிரு இல்லக்கா. விடும்போது உடம்பு அப்படித்தான் கேக்கும். முதல் வாரம்தான் ரொம்பக் கஷ்டம். அடிக்காதீங்க." 1800112356 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தார். புகையிலையை விட நினைப்பவர்களுக்கான இலவச உதவி எண் அது.

அடித்தது மனசை உறுத்த, அன்று சாயங்காலமே அம்மா தன் போனிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்து, மகன் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். என்ன பேசினான் என்று இன்று வரை கேட்கவில்லை.

நடுவில் இரண்டு தடவை வழுக்கியது. இரண்டையும் அவனே வந்து சொன்னான்.

இப்போது அந்தச் சட்டைப் பையில் நாலு ஏலக்காய் இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று கை நீட்டுவார்.

"பேக்டரி கேட்டு மாதிரியே பண்றியேம்மா" என்று சிணுங்குவான். ஆனாலும் பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பான்.