ஐந்தாவது மீன்

அப்பா டல்லஸ் வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் அவரை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று பவுண்டு இருக்கும், நல்ல பாஸ் ஒன்று மாட்டியது. கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டேன். வாலை ஒரு தடவை அடித்துவிட்டு அது போய்விட்டது. அப்பா அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுறதுக்கா புடிச்ச?"

"ஆமாப்பா."

"அப்ப எதுக்குல புடிக்க?"

சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்வி அன்றைக்கு என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை என்பதுதான் உண்மை.

அப்பாவுடைய தூண்டில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, ஈயக்குண்டு, முள். தாமிரபரணிப் பாசனத்தில் எங்கள் ஊர்க் குளம். கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு. விராலுக்கு மட்டும் உயிர்த்தவளை. பிடித்தது எல்லாம் குழம்புக்குத்தான். பிடித்ததை விடுவது என்றால் அது கைநழுவிப் போனது என்று அர்த்தம்.

நான் மீன்பிடிக்கத் திரும்பியது முப்பது வயதில். வேலையில் ஒரு மோசமான வருடம். இரவு இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் அலர்ட், காலையில் அதற்கு விளக்கம் சொல்லும் மீட்டிங். யாரோ ஒரு டீம்மேட் ஞாயிற்றுக்கிழமை படகில் கூட்டிப்போனார். அங்கே சிக்னல் இல்லை. அது போதுமாக இருந்தது.

லார்ஜ்மௌத் பாஸ் பெயரில்தான் பாஸ், உண்மையில் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்த மீன். பசுமை படர்ந்த உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும் வாய். துரத்திக்கொண்டு ரொம்ப தூரம் போகாது. மரத்தடியில், பாசிக்குள், பாறை ஓரத்தில் பதுங்கி நிற்கும். பக்கத்தில் வருவதை வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். நம்ம விரால் மாதிரியேதான். கடையில் முதல் தடவை ரப்பர் தவளையைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். இரண்டு முள்ளை முதுகோடு ஒட்டி மறைத்து வைத்த, பாசி மேல் குதித்துப் போகிற தவளை. அப்பா இருபது நிமிஷம் வரப்பில் தேடிப் பிடிப்பதை இங்கே பத்து டாலருக்குப் பாக்கெட்டில் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வித்தை, டெக்சாஸ் ரிக். 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனில் நிக் க்ரீம் என்பவர் பிளாஸ்டிக் புழுவைச் செய்து விற்க ஆரம்பித்தார். அவருடைய கம்பெனி பிறகு டெக்சாஸில் டைலருக்கு வந்தது. அந்தப் புழுவின் மூக்கில் முள்ளைக் குத்தி, கால் அங்குலத்தில் வெளியே எடுத்து, திருப்பி, முனையை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். முன்னால் தோட்டா வடிவில் ஒரு ஈயக்குண்டு. முனை வெளியே தெரியாததால் மரக்கிளைக்குள் போனாலும் சிக்காது. டெக்சாஸின் ஏரிகள் கிட்டத்தட்ட எல்லாமே அணை கட்டித் தேக்கியவை. பலவற்றில் மூழ்கிய காடு அப்படியே நிற்கிறது. முள் சிக்காமல் இருப்பதுதான் அங்கே பாதி வேலை.

மீதிப் பாதி, விழ விடுவது. கம்பை மெல்லத் தூக்கி, பிறகு நரம்பைக் கொஞ்சம் தளரவிட்டு, புழு அடிக்குப் போகும்வரை சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த விழுகையில்தான் மீன் எடுக்கும். 'தட்' என்று ஒரு சின்ன அதிர்வு. சிலசமயம் அதுகூட இருக்காது, நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரும். ஆரம்பத்தில் ஒரு வருடம் ஒவ்வொரு குச்சியையும் மீன் என்று நினைத்து இழுத்தேன், ஒவ்வொரு மீனையும் குச்சி என்று நினைத்து விட்டேன்.

போட்டிக்குப் போக ஆரம்பித்தது என் புத்திக்கு அது ஒத்துவந்ததால். விதி எளிமையானது. ஒரு நாள், ஐந்து மீன், மொத்த எடை. டெக்சாஸில் பொதுவான அளவு 14 அங்குலம், அதற்குக் கீழே இருந்தால் கணக்கில் வராது. படகின் லைவ்வெல் தொட்டியில் ஐந்து மீன் நிறைந்த பிறகு ஆறாவது வந்தால், இருப்பதிலேயே சின்னதை எடுத்து விட்டுவிட வேண்டும். இன்டர்வியூவில் கேட்பார்களே, பெரிய ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளும் ஹீப், அதேதான். தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு வெட்டு. மீன் செத்திருந்தால் கால் பவுண்டு வெட்டு. எடை போட்டபின் எல்லாம் திரும்ப ஏரிக்கு.

இந்தக் கடைசி விதிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸில் ஒரு பாஸ் பிடித்தார். உலக சாதனை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதைச் சமன் செய்தார், அவ்வளவுதான். பெர்ரி அந்த மீனை என்ன செய்தார்? எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பம் சாப்பிட்டது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலம். அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது, "அவன் மனுஷன்" என்றார். நாற்பது வருடம் கழித்து, 1972இல், பாஸ் போட்டிகளைப் பெரிய தொழிலாக்கிய ரே ஸ்காட் தன் போட்டிகளில் மீன்களை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். இன்று இங்கே ஏரிக்கு வருகிற பெரும்பாலோர் பாஸைச் சாப்பிடுவதில்லை. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. நாங்கள் கொல்வதில்லை.

2022 ஏப்ரலில் டல்லஸுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரியில் ஒரு சின்ன கிளப் போட்டி. என்னிடம் படகு கிடையாது, கோ-ஆங்கிளராகப் பதிவு செய்திருந்தேன். சீட்டுக் குலுக்கி ஒரு படகுக்காரரோடு சேர்த்துவிடுவார்கள். அவர் முன்னால் நின்று மோட்டாரை ஓட்டுவார், நல்ல இடத்தில் முதல் வீச்சு அவருடையது. பின்னால் நிற்பவனுக்கு அவர் வீசி முடித்த தண்ணீர். எனக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீசியன், எழுபது வயதிருக்கும். என்னை 'சன்' என்று கூப்பிட்டார். நான் பழக்கதோஷத்தில் 'சார்' என்றேன். டெக்சாஸில் அது பொருந்திவிடும்.

அவர் மரங்களுக்கு நடுவே ஸ்பின்னர்பெய்ட்டை வேகவேகமாக வீசிக்கொண்டே போனார். பின்னால் நிற்பவன் முன்னால் இருப்பவர் செய்வதையே செய்யக்கூடாது. அந்த வேகத்துக்கு வராத மீன்கள் அங்கேயே நிற்கும் என்று நம்பி, அதே மரங்களின் அடியில் நான் புழுவை மெல்ல இறக்கினேன். மதியம் ஒரு மணிக்கு நாலு மீன் சேர்ந்திருந்தது. பிறகு காற்று திரும்பியது, எல்லாம் நின்றுபோனது. இரண்டு மணிக்கு ஒரு அமைதியான குடாவுக்குள் படகை விட்டார்.

அங்கே முழங்கால் ஆழத் தண்ணீரில், கரையோரமாக, தட்டு மாதிரி ஒரு வெளுத்த வட்டம். நடுவில் ஒரு பாஸ் நின்றுகொண்டிருந்தது.

இது படுக்கை. வசந்தத்தில் தண்ணீர் சூடேறும்போது ஆண் மீன் வாலால் சேற்றைப் பெருக்கிக் கெட்டித் தரையை வெளியே கொண்டுவரும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் காவல். முட்டைக்கும் பிறகு குஞ்சுக்கும். ப்ளூகில் என்ற சின்ன மீன்கள் சுற்றிலும் காத்திருக்கும்.

"நான் படுக்கை மீனைத் தொடுறதில்ல, சன்" என்றார் அவர். "விதியில தடை இல்ல. உனக்கு வேணும்னா வீசு." குரலில் குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தார்.

வட்டத்துக்கு அப்பால் வீசி, இழுத்து நடுவில் நிறுத்தினேன். மீன் விலகி, திரும்பி, புழுவை வாயால் எடுத்து வெளியே கொண்டுபோய்த் துப்பியது. பசியில்லை. வீட்டுக்குள் வந்த குப்பையை எடுத்துப் போடுகிற மாதிரி. மறுபடி வீசினேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அது துப்புவதற்கு முன்னால் கம்பை இழுத்தேன்.

இரண்டேகால் பவுண்டு. லைவ்வெல்லில் போட்டேன். படகு நகரும்போது திரும்பிப் பார்த்தேன். வட்டம் வெளுப்பாகத் தெரியவில்லை. ப்ளூகில்களால் கறுத்திருந்தது.

பன்னிரண்டு மைல் தள்ளி எடைமேடை. எனக்கு ஏழாவது இடம், பரிசுப்பணம் ஆறாவது வரை. அந்த மீன் இல்லாமல் இருந்திருந்தால் ஒன்பதாவது. எல்லா மீனும் உயிரோடு இருந்தன, வெட்டு எதுவும் இல்லை. படகுத்துறையிலேயே விட்டோம். அது நன்றாகத்தான் நீந்திப் போனது. எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரிந்திருக்குமா என்று மட்டும் யோசித்தேன்.

இரவு அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"ஏலே, வாலு ஏன் ரத்தமா இருக்கு?"

நான் கவனித்திருக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். வாலின் கீழ் ஓரம் தேய்ந்து, பிய்ந்து, சிவந்திருந்தது. படுக்கையைப் பெருக்கிய வால்.

"குஞ்சு கூட நின்னுச்சோ?"

"குஞ்சு இல்லப்பா" என்றேன். அது உண்மைதான். முட்டையாக இருந்திருக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மழை பெய்ததா என்று கேட்டார்.

1998, முழுப்பரீட்சை லீவு. குளம் வற்றிக்கொண்டிருந்தது. ஓரத்தில் செக்கச்செவேல் என்று ஒரு பந்து தண்ணீரில் மிதந்து நகர்ந்தது. விரால் குஞ்சு. அடியில் பெரியது நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தவளையைப் பந்துக்கு நடுவில் போட்டால் போதும், ஆத்திரத்தில் வந்து கவ்வும். அப்பா போட்டார், கவ்வியது. அன்றைக்கு ராத்திரி குழம்பு எப்படி இருந்தது என்பது இன்னும் நாக்கில் இருக்கிறது. மறுநாள் குஞ்சைப் பார்க்கணும் என்று அடம்பிடித்து அவரைக் கூட்டிப்போனேன். பந்து கலைந்து, இங்கே பத்து அங்கே பத்தாகக் கிடந்தது. நாலைந்து கொக்குகள் நின்றன. அதற்கடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அப்பா சிவப்புக் குஞ்சு கண்ட இடத்தில் தூண்டில் போட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

அவருக்காவது அன்றைக்குக் குழம்பு இருந்தது.

இப்போது கயாக் போட்டிகளுக்கு மட்டும் போகிறேன். அங்கே எடை இல்லை, நீளம்தான். அளவுப் பலகையில் மீனை வைத்து, போட்டோ எடுத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதனால் பாவம் கழிந்தது என்று சொல்ல மாட்டேன். படுக்கை மீனைப் பிடித்தால் அந்த ஒரு நிமிஷத்திலும் ப்ளூகில் வரத்தான் செய்யும். வெள்ளை வட்டத்தைக் கண்டால் பெரும்பாலும் துடுப்புப் போட்டுத் தள்ளிப் போகிறேன். 'பெரும்பாலும்' என்ற சொல்லை எடுத்துவிட ஆசைதான்.

போன ஏப்ரலில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வட்டத்தை விட்டு ஒரு கை நீளம் போகும், ஒரு ப்ளூகில்லை விரட்டும், திரும்பி வரும். வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கரையேறியதும் கூப்பிட்டார்.

"எத்தன நாளு இப்படி நிக்கும்?"

"வாரக்கணக்குல நிக்கும்ப்பா. சரியாச் சாப்பிடக்கூடச் செய்யாது."

"ம்." வீடியோவை மறுபடி ஓடவிட்டிருக்கிறார், பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "நீ ரொம்பக் கிட்டக்கப் போயிருக்கல. ஒன் படகு நெழலு அது மேல விழுது பாரு."