காகிதத்திலிருந்து எழுந்த ஆட்டம்

லண்டன் ஃப்ளீட் தெருவின் இரைச்சலிலிருந்து விலகி, ஒரு குறுகிய சந்தில் இறங்கினால் சட்டென்று அமைதி. வழக்கறிஞர்களின் அலுவலகங்களுக்கு நடுவே வட்ட வடிவில் நிற்கிறது 1185-ல் அர்ப்பணிக்கப்பட்ட டெம்பிள் தேவாலயம். 17-ம் நூற்றாண்டில் இதன் வாசலருகே புத்தகக் கடை வைத்திருந்தவர் ஜான் பிளேஃபோர்டு. 1651-ல் அவர் வெளியிட்ட 'தி இங்கிலீஷ் டான்சிங் மாஸ்டர்' இல்லாவிட்டால், அக்காலத்து ஆங்கிலேயர்கள் ஆடிய நாட்டுப்புற நடனங்களில் பெரும்பாலானவை சுவடின்றி மறைந்திருக்கும்.

காலம் ஆட்டத்துக்கு உகந்ததாக இல்லை. மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649-ல் துண்டிக்கப்பட்டிருந்தது. 1642 முதலே நாடக அரங்குகளுக்குப் பூட்டு. ஆனால், வீட்டுக் கூடங்களில் வயலின் ஓயவில்லை. பிளேஃபோர்டின் முதல் பதிப்பில் 105 நடனங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே மெட்டு, கீழே சில வரிகளில் செய்முறை. வட்டமாக ஆடுபவை உண்டு, சதுரமாக ஆடுபவையும் உண்டு. இரண்டு நீள வரிசைகளாக எதிரெதிரே நின்று, எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளும் வகையும் உண்டு. இதில் ஒவ்வொரு சுற்றிலும் ஜோடிகள் இடம் மாறுகின்றன. தலைமாட்டில் தொடங்கியவர்கள் கடைக்கோடிக்குப் போக, கடைசியில் நின்றவர்கள் மெல்ல மேலே வருகிறார்கள். முடியாட்சி திரும்பிய பின், 1662 டிசம்பர் 31 அன்று வொய்ட்ஹால் அரண்மனை விருந்தில் இரண்டாம் சார்லஸே நாட்டுப்புற நடனம் கேட்டு ஆடியதை சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

1728 வாக்கில் 18-வது பதிப்போடு புத்தகம் நின்றது. நாகரிகம் மாறியது, பழைய ஆட்டங்களும் மறந்து போயின. அவற்றைத் தூசு தட்டியவர் செசில் ஷார்ப். கிராமங்களில் எஞ்சியிருந்த நடனங்களை 1909-ல் வெளியிட்ட அவர், 1911-ல் பிளேஃபோர்டின் பக்கங்களிலிருந்து 30 நடனங்களை மீட்டெடுத்தார்.

சிக்கல் அங்கேதான். யார் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் புத்தகம், காலை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்வதில்லை. 'சைடிங்' என்ற அசைவையே எடுத்துக்கொள்ளலாம். ஜோடிகள் வளைந்து ஒருவரையொருவர் கடந்து இடம் மாற வேண்டும் என்று ஷார்ப் பொருள் கொண்டார். தோளோடு தோள் சேரும்வரை முன்னேறி, வந்த வழியே பின்வாங்க வேண்டும் என்றார் பின்னாளில் வந்த பேட் ஷா.

கேம்டன் டவுன் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், ஷார்ப் நினைவாக 1930-ல் திறக்கப்பட்ட செசில் ஷார்ப் ஹவுஸ். 1940-ல் குண்டுவீச்சில் சேதமடைந்து, 1951-ல் மீண்டும் திறக்கப்பட்ட கட்டடம். உள்ளே நாட்டார் கலைகளுக்கான நூலகமும் நடனக் கூடமும் இருக்கின்றன. பிளேஃபோர்டு நடனங்களை ஆடுபவர்களிடம் இன்றும் இரண்டு 'சைடிங்'குமே வழக்கில் உள்ளன. எது என்பதை ஆட்டத்தை நடத்துபவர் முன்கூட்டியே சொல்லிவிடுவதுண்டு.

அவர்கள் ஆடுவது 1651-ன் ஆட்டம்தானா? மெட்டு அதுதான், வரிசை அதுதான். காலடிகளை பிளேஃபோர்டு எழுதவில்லை. வாங்குகிறவர்களுக்கு அவை தெரிந்திருந்தன. எல்லோருக்கும் தெரியும் என்று விடப்பட்டதுதான் முதலில் தொலைந்தது.