மாடியறையில் ஒரு தீட்சை

பழைய கெல்டிக் புராணங்களைத் தீட்சைக்கு வழிகாட்டியாகப் படிப்பவர்கள் மேலைநாடுகளில் இன்றும் இருக்கிறார்கள். கெல்டியரின் குருமார்களான ட்ரூயிடுகளிடம் சேர்ந்தவர்கள் பாடல்களை மனப்பாடம் செய்வதிலேயே 20 ஆண்டுவரை கழித்தார்கள், மறைபொருளை எழுதிவைக்கக் கூடாது என்றிருந்தார்கள் என்கிறார் ஜூலியஸ் சீசர். அந்தக் குருபரம்பரை அற்றுப்போயிற்று. எஞ்சியவை பல நூற்றாண்டு கழித்து மற்றவர்கள் எழுதிவைத்த கதைகள்தான்.

அவற்றில் ஒன்று வேல்ஸ் நாட்டுச் சிறுவன் க்வியோனின் கதை. செரிட்வென் என்ற மந்திரக்காரி தன் மகனுக்காகக் காய்ச்சும் ஞான மருந்தைக் கிளறுவது அவன் வேலை. மூன்று சொட்டு விரலில் தெறிக்க, சூடு தாங்காமல் விரலை வாயில் வைக்கிறான், ஞானம் வந்துவிடுகிறது. அவள் துரத்துகிறாள். முயலாகிறான், மீனாகிறான், பறவையாகிறான், கடைசியில் கோதுமை மணியாகிறான். அவள் கோழியாக வந்து விழுங்கிவிடுகிறாள். பிறகு அவள் வயிற்றிலேயே பிறந்து, தாலியெசின் என்ற பெருங்கவிஞனாகிறான். பழைய ஆள் செத்துப் புதிய ஆள் பிறப்பதே தீட்சை என்று இதற்குப் பொருள் சொல்வார்கள்.

மதுரையில் இது கதை அல்ல, நடந்த சங்கதி.

1892-ல் தந்தை சுந்தரமையர் இறந்தபின், திருச்சுழி வேங்கடராமன் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்தான். அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படிப்பு. மனம் போனதெல்லாம் பந்தாட்டத்திலும் குஸ்தியிலும். ஒரு நாள் சிற்றப்பா இரவல் வாங்கி வந்திருந்த பெரியபுராணம் கையில் கிடைத்தது. வேடன், குயவன், வண்ணான், மீனவன் என்று நாயன்மார்கள் எனப்படும் 63 சிவனடியார்கள். அந்தப் பையனை அந்தக் கதைகள் அப்படியே ஆட்கொண்டன.

1896 ஜூலை. மாடியறையில் தனியாக உட்கார்ந்திருந்தவனை மரண பயம் திடீரெனப் பற்றியது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை நீட்டிப் பிணம்போல் விறைத்துப் படுத்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டான். இந்த உடல் எரிந்து சாம்பலானால் நானும் போய்விடுவேனா என்று தனக்குள்ளேயே கேட்டான். எழுந்தபோது பயம் போயிருந்தது, வயது 16. மந்திரம் ஓத, காதில் உபதேசிக்க, அங்கே குரு என்று ஒருவரும் இல்லை.

அதன்பிறகு மாலைதோறும் மீனாட்சி கோயிலுக்குத் தனியே போனான். அறுபத்துமூவர் சிலைகளுக்கு முன் கண்ணீர் பெருக நிற்பான். ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டான். எழுதிவைத்த சீட்டில் கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடுதான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது பிற்பாடு.

உள்ளாற்றலைப் பெருக்கிக்கொள்ளப் புராணம் படிப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். க்வியோன் ஞானத்தைத் தேடிப் போகவில்லை. நாயன்மார்களும் சக்தி கேட்டவர்கள் இல்லை. அவர்களில் கண்ணப்பர் சிவனுக்குத் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுத்தவர். ரமணரும் சித்திகளை நாடச் சொன்னதில்லை. எதையோ பெறுவதற்காகப் படிப்பவனுக்குப் புராணம் வெறும் கதையாகவே நின்றுவிடும். தன்னையே விடத் துணிந்தவனுக்குத்தான் அது குருவாகும்.

அந்த வீடு இப்போது ரமண மந்திரம். மீனாட்சி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். அடுத்த முறை தரிசனத்துக்கு வரும்போது அங்கேயும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதற்கு முன் பெரியபுராணத்தில் கண்ணப்பர் கதையையாவது படித்துவிடுங்கள்.