சுவர் தாண்டும் வெறிநோய்

மைசூரில் 1892ல் தொடங்கிய சாமராஜேந்திர மிருகக்காட்சி சாலைக்கு உயரமான சுவர் உண்டு. வெறிநோய்க்கு அது பொருட்டல்ல. நோய்கண்ட நாயோ கீரியோ உள்ளே புகுந்து ஒரு மானைக் கடித்தால் போதும். கிருமி நரம்பு வழியே மூளையை எட்டச் சில வாரங்கள், சிலசமயம் மாதங்கள்கூட ஆகும். அதுவரை மான் வழக்கம்போல மேயும்.

பிறகு எச்சில் ஒழுகும், தீனி இறங்காது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றெண்ணி பராமரிப்பாளர் வாய்க்குள் கைவிடுவார். விரலில் சிறு கீறல் இருந்தாலே ஆபத்து. மான் செத்து, மூளையைச் சோதித்த பிறகுதான் நோய் உறுதியாகும்.

மனிதருக்கு அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம்தான். தடுப்பூசியோ 1885லேயே பாஸ்டர் கொடுத்தது. பராமரிப்பாளருக்கு முன்கூட்டியே தடுப்பூசி, சுவருக்கு வெளியே திரியும் நாய்க்கும் தடுப்பூசி: மானுக்கும் மனிதருக்கும் உண்மையான வேலி அதுதான்.