தெரியாத மொழியில் நான்கு பாட்டு

இந்தியன் ஓஷன் இசைக்குழுவில் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் நான்கைச் சொல்வேன். நான்கில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த மொழியில் இல்லை. பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமம், அரசுப் பள்ளி, தமிழ்வழிக் கல்வி. இந்தியில் பத்துக்கு மேல் எண்ண வராது. இசைக்கு மொழி கிடையாது என்ற வசனத்தையும் நான் நம்புவதில்லை. மொழி உண்டு. அது தெரியாதபோது பாட்டு ஒரு காலி மனை மாதிரி கிடக்கிறது, நாம் நம்முடையதைக் கொண்டுபோய் நட்டுவிடுகிறோம். பிறகு ஒருநாள் மனைக்குச் சொந்தக்காரர் வருகிறார். அவர் வந்தபோது என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

1990இல் டெல்லியில் சுஸ்மித் சென்னும் அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கிய குழு இது. ராக் என்றாலும் சுஸ்மித் கையில் இருந்தது அக்கூஸ்டிக் கிதார். அஷீம் சம்மணம் போட்டு உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். பேஸ் கிதார் ராகுல் ராம், டிரம்ஸ் அமித் கிலாம். 2010இல் ஒரு ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன் அதோடு பழைய ஆல்பங்களையும் சேர்த்து மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தான். அஷீம் 2009 டிசம்பர் 25ஆம் தேதியே இறந்துபோயிருந்தார். நான் கேட்க ஆரம்பித்ததே இல்லாத ஒருவரின் குரலைத்தான்.

முதல் பாட்டு 'கந்தீஸா'. 2000இல் வந்த ஆல்பத்துக்கும் அதே பெயர். மெதுவாக, சேர்ந்திசையாக எழும்பிக்கொண்டே போகும். திண்ணையில் நான் போட்டபோது ஆயா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"யார்ரா இது, ஓதுவார் மாதிரி இழுக்கறான்?"

"என்னா பாஷைன்னே தெரியல ஆயா."

"சாமி பாட்டுதான். பாஷை என்னாவா இருந்தா என்னா."

ஆயாவுக்குச் சாமி என்றால் திருவதிகை. அப்பர் சூலை நோய் தீர்ந்து பாட ஆரம்பித்த கோயில். பிறகுதான் தெரிந்தது, அது கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடல். மொழி அரமேயிக்கின் ஒரு கிளையான சிரியாக். கந்தீஸா என்றால் பரிசுத்தம். ஆயா சொன்னது சரி. எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. இந்தப் பாட்டில் இந்திக்காரனுக்கும் ஒரு வார்த்தை புரியாது. டெல்லியில் கேட்பவனும் பண்ருட்டியில் கேட்பவனும் ஒரே பெஞ்சு.

இரண்டாவது 'ஜீனி'. பெயரைப் பார்த்துவிட்டுச் சர்க்கரையைப் பற்றிய பாட்டு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் கேட்கும்போதெல்லாம் ஞாபகம் வந்தது குறிஞ்சிப்பாடி. அம்மா பிறந்த ஊர். மாமா வீட்டில் லுங்கித் தறி இருந்தது. தபலா ஒரே சீராகப் போகும் இடங்களில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். சென்னைக்கு வேலைக்கு வந்தபின், அறையில் கூட இருந்த போபால்காரனிடம் அர்த்தம் கேட்டேன். கபீர் பாட்டு என்றான். கபீர் நெசவாளி. இந்த உடம்பை மெல்லிய துணியாக நெய்து கொடுத்திருக்கிறான் என்பதுதான் விஷயம். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. மாமா இறந்து, தறியைப் பிரித்து விற்று அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எல்லாப் பாட்டும் இப்படிப் பொருந்திவிடவில்லை. 'மா ரேவா'வைக் கொண்டாட்டப் பாட்டாகத்தான் கேட்டேன். ரேவா என்பது நர்மதைக்கு இன்னொரு பெயர் என்பதுவரை தெரியும். எங்கள் கெடிலத்தில் வருஷத்துக்குச் சில நாள் தண்ணீர் வரும்போது பாலத்தில் நின்று பார்க்கிற உற்சாகம் அதில் இருந்தது. ராகுல் ராம் நர்மதைப் போராட்டத்தில் இருந்தவர் என்பதைப் பின்னால் படித்தேன். நதியைத் தாயே என்று கும்பிட்ட ஊர்களில் பல சர்தார் சரோவர் அணையின் தண்ணீருக்குள் போய்விட்டன. இது தெரிந்த பிறகும் பாட்டு துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, கேட்கிற என்னால் துள்ள முடியவில்லை. 2023 ஜூலையில் எங்கள் மாவட்டத்தின் வளையமாதேவியில், நெய்வேலி சுரங்கத்தின் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதைப் போனில் பார்த்தேன். அன்று ராத்திரி இந்தப் பாட்டைப் போட்டுப் பாதியில் நிறுத்தினேன். அது அந்த வயல்காரர்களின் பாட்டு என்று தோன்றியது.

நான்காவது 'லீவிங் ஹோம்'. அநேகமாக முழுக்கக் கருவியிசை. அர்த்தம் கேட்க யாரிடமும் போக வேண்டாம்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் அன்றைக்குச் சாய்ந்தன. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வண்டி பேட்டரியில் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, ராத்திரியில் நான் கேட்டது இந்த ஒரு பாட்டைத்தான். ஊரில் பாதிப் பேர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா கிளம்பவில்லை. அடுத்த மழைக்குப் புதுக் கன்று வைத்தார். பலா காய்க்க வருஷக்கணக்கில் ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? போனது நான்தான்.

இப்போது அந்தக் கன்றுகள் காய்க்கின்றன. போன வருஷம் மனைப்பிரிவு போடுகிற ஒரு புரோக்கர் வந்து விலை கேட்டார். அப்பாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. "நீ வந்து பாத்துக்குவியா, சொல்லு" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனியில் ஊருக்குப் போனபோது, பழம் இறக்கிவிட்டுத் தோப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

"பாட்டே காணமே, வெறும் மேளமா இருக்குது."

"இது அப்படித்தாம்ப்பா."

"பேரு என்னா?"

"வீட்ட விட்டுப் போறதுன்னு அர்த்தம்."

கொஞ்சம் கேட்டார். "போறவன் அழுதுகிட்டுப் போறானா, சந்தோஷமாப் போறானா?"

பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன், எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். கிதார் வேகமாகத்தான் போகிறது. அழுகிறவனும் அப்படிப் போகலாம், சிரிக்கிறவனும் போகலாம்.

"அதச் சொல்லலப்பா" என்றேன்.

"ம்" என்றபடி கையில் ஒட்டின பாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

புரோக்கரிடம் தை வரைக்கும் டைம் கேட்டிருக்கிறோம்.