மச்சாளின் லாச்சியில் கிடந்த குளிசை

ஹரோ, லண்டன்

போன ஞாயிறு மச்சாள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் போத்தல்கள். கொலஸ்ட்ரோலைக் குறைக்கத் தாவர ஸ்டனோல் சேர்த்த தயிர்ப் பானம், நாளுக்கு ஒன்று. டொக்டர் எழுதிக் கொடுத்த அட்டோர்வாஸ்டட்டின் குளிசைப் பெட்டியோ லாச்சிக்குள் உடைக்காமலே கிடந்தது.

"உது கெமிக்கல். இது மரஞ்செடியில இருந்து எடுத்தது. செலவும் குறைவுதானே" என்றார்.

மேசையில் இருந்து கணக்குப் போட்டோம். ஆறு போத்தல் பெட்டியை நாலு பவுணுக்கு வாங்குகிறார். வருடத்துக்கு அறுபத்தொரு பெட்டி, 244 பவுண். இங்கிலாந்தில் 2024 மே முதல் மருந்துத் துண்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண். மச்சாளுக்கு இரண்டு மாதக் குளிசை ஒன்றாகக் கிடைக்கும். வருடத்தில் ஏழு தடவை எடுத்தாலும் 69.30தான். அறுபது வயதானால் அதுவும் இல்லை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் எல்லா வயதினருக்குமே இலவசம். மச்சாள் கல்குலேட்டரை இரண்டாம் தரமும் தட்டிப் பார்த்தார்.

பலனிலும் போத்தலுக்குக் குளிசை எட்டாத தூரம். நாளுக்கு 2 கிராம் ஸ்டனோல் கெட்ட கொலஸ்ட்ரோலைப் பத்து வீதம் அளவில் குறைக்கும், அது உண்மை. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. 20 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டட்டின் நாற்பது வீதம் வரை குறைக்கும். ஸ்டட்டின்கள் என்ற இந்த வகை மருந்துகள் மாரடைப்பைக் குறைப்பதும் பல்லாயிரம் பேரிடம் சோதித்துக் கண்டது. அண்ணர் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனது இதே வீட்டில்தான். அதனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"கெமிக்கல்" என்ற சொல்லுக்கும் பதில் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆறாயிரம் வகைப் பூஞ்சணங்களைத் தேடிச் சோதித்தவர். 1970களில் அவருக்கு முதல் ஸ்டட்டின் கிடைத்தது கியோட்டோ தானியக் கடையொன்றின் அரிசியில் பிடித்த பூஞ்சணத்தில். அந்த வழியில் வந்ததுதான் மச்சாளின் குளிசை.

சிலர் இயற்கை என்று நம்பி, நொதிக்க வைத்த சிவப்பு அரிசி மாத்திரை வாங்குகிறார்கள். அதில் வேலை செய்யும் மொனக்கொலின் கே, 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லொவாஸ்டட்டின் என்ற மருந்தேதான். ஒரு வித்தியாசம்: போத்தலுக்குப் போத்தல் அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல், ஒரு நாளுக்குரிய அளவில் அது 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. ஸ்டட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்து விழுங்கினால் தசைகளுக்குக் கேடு.

ஓட்ஸ் கஞ்சி, பருப்பு, கடலை எல்லாம் நல்லவை, மலிவானவை. சாப்பிடுங்கள், குளிசையோடு சேர்த்து. கைகால் உளைவு வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், வேறு ஸ்டட்டின் தருவார். யாருக்கும் சொல்லாமல் லாச்சிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.